கட்டிலுக்கே வரும் சிக்னல்: நடமாட முடியாத நாட்களில் மலையக வீட்டில் இணையத்தோடு இருப்பதற்கான முழு வழிகாட்டி

தேயிலைக் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தவர், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்தவர் என்று யாராக இருந்தாலும், டிக்கோயா, பதுளை, கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் டயக்னோசிஸ் கார்டும் மருந்துப் பையும் கொடுத்துவிடுவார்கள். அடுத்த கிளினிக் என்றைக்கு என்றும் எழுதியிருக்கும். அதுவரைக்கும் உள்ள ஆறு வாரமோ மூன்று மாதமோ கட்டிலில் எப்படிக் கழியும் என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. காலையில் பெரியவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். தலைமாட்டில் போன் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் சிக்னல் இருக்காது. சிக்னல் எடுக்கும் இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) அவரால் எழுந்து போக முடியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கட்டில், அடுத்து சிக்னல், அடுத்து கை எட்டும் தூரம், அடுத்து கரண்ட், அதற்குப் பிறகுதான் ஆப். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாகத் தொடங்குவார்கள். புதுப் போன் வாங்கி, பெரிய பெக்கேஜ் போட்டு, கடைசியில் "இங்க டவர் இல்லையே" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

கட்டில் போடும் இடத்தை முதலில் அளந்து பாருங்கள்

ஆள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாளே இதை முடித்துவிட வேண்டும். படுக்கவைத்த பிறகு கட்டிலை நகர்த்துவது சுலபமில்லை.

திரையின் மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போனும் அந்தக் கோட்டை ஒவ்வொரு விதமாகப் போடும். உண்மையான அளவு உள்ளே இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் "சிக்னல் ஸ்ட்ரெங்த்" என்ற வரியில் மைனஸ் போட்ட ஓர் எண் தெரியும். பல போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் அதே விவரம் வரும். 4ஜியில் இந்த எண்ணை இப்படிப் படிக்கலாம்: மைனஸ் 80, 90 என்றால் வீடியோ கோல் தாராளமாக ஓடும். மைனஸ் 100, 105 என்றால் குரல் போகும், படம் நிற்கும். மைனஸ் 115ஐத் தாண்டினால் மெசேஜ்கூடத் தட்டுத்தடுமாறித்தான் போகும். மைனஸுக்குப் பிறகு வரும் எண் சிறிதாக இருக்க இருக்க நல்லது.

அளக்கும் முறை:

1. கட்டில் போடக்கூடிய எல்லா இடத்தையும் ஒரு தாளில் குறியுங்கள். இஸ்தோப்பு, முன் காம்பரா (அறை) ஜன்னலோரம், உள் காம்பரா என்று மூன்று, நான்கு இடம் வரும்.
2. படுத்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டடி, இரண்டரை அடி உயரத்தில் போனை வையுங்கள். நின்றுகொண்டு தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தால் கணக்கு தப்பும்.
3. எண் நிலைக்க 15 விநாடி விடுங்கள். பிறகு எழுதுங்கள்.
4. காலையில் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரவில் எண் நன்றாக இருந்தும் நெட் ஊர்ந்தால் அது சிக்னல் குறை இல்லை. டவரில் ஆள் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்கு அன்டெனா வாங்கிப் பயனில்லை.
5. பக்கத்துக் காம்பராவில் வேறு கம்பனி சிம் இருந்தால் அதை இரவல் வாங்கிப் போட்டு, இதே கணக்கை மறுபடியும் எடுங்கள். ஒரு மடுவில் ஒரு கம்பனி எடுக்காது, அதே மடுவில் இன்னொன்று நன்றாக எடுக்கும். எதிர் மலையில் யாருடைய டவர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

உள்ளே ஏன் எடுக்காது? முக்கியக் காரணம் தகரம். கூரைத் தகரம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். பழைய லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) தடித்த கல் சுவர் மிச்சத்தை விழுங்கும். இரட்டை லயத்தில் ஒரு பக்கம் முழுக்க அடுத்த வீட்டுச் சுவர், அங்கே ஜன்னலே கிடையாது. ஆகவே சிக்னல் உள்ளே வருவது பெரும்பாலும் கதவாலும் ஜன்னலாலும்தான். ஜன்னலிலிருந்து ஆறு அடி உள்ளே போனாலே எண் பத்துப் பதினைந்து மோசமாகிவிடும். உடம்பும் மறைக்கும். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நாலு திசைக்கும் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். எந்தத் திசையைப் பார்க்கும்போது எண் நல்லதாக இருக்கிறதோ, டவர் அந்தப் பக்கம்.

மிஸ்ட் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று சொல்வார்கள். மிஸ்டுக்கு அந்த வலு இல்லை. போன் சிக்னல் ஓடும் 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் பனியோ மழையோ பெரிதாகத் தடுக்காது. அடைமழை நாளில் நடப்பது வேறு. கரண்ட் போய் டவரின் பெட்டரி இறங்கும். டவருக்கும் டவருக்கும் இடையிலுள்ள மைக்ரோவேவ் இணைப்பு கனமழையில் பலவீனப்படும். வீட்டுக்கும் டவருக்கும் நடுவிலுள்ள சவுக்கு மரங்களின் நனைந்த இலை கொஞ்சம் தின்னும். இது தெரிந்திருந்தால் மழையில் போனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது.

ஜன்னலில் ஒரு பழைய போன்

கட்டிலை ஜன்னலோரம் போட முடிந்தால் அத்தோடு வேலை முடிந்தது. குளிர் காற்று, கழிவறைக்குப் போகும் வழி, தூக்கி இறக்க இடம் என்று பல காரணத்தால் அது எல்லா வீட்டிலும் முடியாது. அப்போது செலவில்லாமல் செய்யக்கூடியது இதுதான்: வீட்டில் கிடக்கும் பழைய 4ஜி போனைச் சிக்னல் எடுக்கும் இடத்தில் வைத்து, ஹொட்ஸ்பொட் போட்டு, கட்டிலிலுள்ள போனுக்கு வைஃபை கொடுப்பது. திரை வெடித்த போன் என்றாலும் போதும்.

டேட்டா சிம்மைப் பழைய போனில் போடுங்கள். ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் மூன்றை மாற்ற வேண்டும். பேண்ட் என்ற இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தெரிவுசெய்யுங்கள். 5 வேகமானது, ஆனால் கல் சுவரைத் தாண்டாது. "யாரும் இணையாவிட்டால் தானாக அணைந்துவிடு" என்ற பொருளில் உள்ள ஒப்ஷனை நிறுத்துங்கள். இதை மறந்தால் அவர் பகலில் தூங்கி எழும்போது ஹொட்ஸ்பொட் அணைந்திருக்கும், போட்டுவிட வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவது பாஸ்வேர்ட். அதைப் போடாவிட்டால் லயமே பார்க்கும்.

போனை ஜன்னல் சட்டத்தில் வெயில் படாத மாதிரி, திரை உள்பக்கம் பார்க்க நிறுத்தி, சார்ஜரில் போட்டு வைக்கலாம். தகரத்தில் கட்டித் தொங்கவிடக் கூடாது. நாள் முழுக்க சார்ஜரில் கிடந்தால் பழைய பெட்டரி வீங்கலாம், பின்மூடி எழும்பினால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். 85 வீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி சில போன்களில் உண்டு. இருந்தால் போட்டுவிடுங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் சிம். அவருடைய சிம்மையே கழற்றிப் பழைய போனில் போட்டால், சாதாரண கோல் எல்லாம் ஜன்னலில்தான் அடிக்கும். வட்ஸ்அப் அப்படியில்லை. முதலில் பதிவு செய்யும்போது மட்டும்தான் அதற்கு அந்த நம்பர் தேவை. பிறகு சிம் எங்கே இருந்தாலும் பழைய நம்பரிலேயே ஓடும். ஆனாலும் கட்டிலிலுள்ள போனில் ஏதாவது ஒரு சிம் கட்டாயம் இருக்கட்டும். நெட் செத்தாலும் எஸ்எம்எஸ்ஸும் 1990 அம்பியுலன்ஸுக்கு ஒரு கோலும் போக வேண்டும். சாதாரண கோலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் வீடியோவுக்கு வேண்டிய அளவு சிக்னல் தேவையில்லை. வங்கி ஓடிபி வரும் சிம் எந்தப் போனில் இருக்கிறது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

பழைய போன் இல்லாவிட்டால் 4ஜி ரவுட்டர். அதற்கும் இதே சட்டம்தான்: டிவி மேசையில் வைக்காமல் டவர் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். வெளி அன்டெனா பற்றி ஒன்று மட்டும். பின்பக்கம் திருகிச் செருகும் இரண்டு துளை இருக்கும் ரவுட்டருக்குத்தான் அது பொருந்தும், கேபிளும் இரண்டு வேண்டும். கடையில் தரும் மெல்லிய கறுப்புக் கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் அளவுக்குத் தின்னும். பத்து மீட்டர் ஓடினால் அன்டெனா சம்பாதித்துத் தந்ததில் பெரும்பகுதி வயரிலேயே போய்விடும். கேபிளை இரண்டு, மூன்று மீட்டருக்குள் வைத்து, ரவுட்டரை அன்டெனா பக்கம் கொண்டுபோய், அங்கே கரண்ட் இழுப்பதுதான் புத்தி.

கை எட்டும் தூரம்

படுத்திருப்பவருக்குப் போன் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் விழுவது சின்ன விஷயமில்லை. எடுக்க முயன்று கட்டிலிலிருந்து சரிபவர்கள் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம், கீழே குனிய வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்லி அனுப்புவார்கள். தரையில் விழுந்த போன் அவருக்கு அந்த விதியை மீறச் சொல்லும் ஆசை.

ஆகவே போனுக்குக் கயிறு கட்டுங்கள். கவரின் ஓட்டையில் கோத்து, இரண்டடி நீளத்தில் கட்டிலின் பக்கச் சட்டத்தில் முடிச்சுப் போட்டால், விழுந்தாலும் தொங்கும், இழுத்து எடுக்கலாம். கழுத்தில் மாட்டித் தூங்கக் கூடாது.

வளையும் கழுத்துள்ள போன் ஸ்டாண்ட் நல்லது. வாங்கும் முன் கட்டில் சட்டத்தின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள். பலகைக் கட்டிலின் விளிம்பு பல கிளிப்புகளுக்குள் அடங்காது. முழு நீளத்துக்கும் நீட்டினால் ஒவ்வொரு தட்டலுக்கும் போன் ஆடும், கனமான போன் என்றால் மெல்லத் தலை சாயும். கீழ்ப்பகுதியை ஒரு வளையம் போலச் சுற்றிக் குறுக்கிக்கொண்டால் ஆட்டம் பாதியாகக் குறையும். முகத்துக்கு நேர் மேலே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், கண்ணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மூக்கில் போன் விழுந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்டாண்ட் இல்லாவிட்டால் தட்டையான தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் ஒரு சின்னப் பலகையில் போனைச் சாய்த்து வைக்கலாம்.

சார்ஜர் வயர் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுவரோரமாக ஓட்டி, கட்டில் காலில் நாடாவால் ஒட்டி, நுனி மட்டும் தலைமாட்டில் வருகிற மாதிரிச் செய்யுங்கள். நடக்கும் வழியில் குறுக்கே விடவே கூடாது. பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கட்டுதான் இருக்கும், புது சார்ஜர்கள் சதுரப் பின்னோடு வரும். நடுவில் ஒரு அடப்டர், அதற்கு மேல் மல்ட்டி பிளக் என்று அடுக்கினால் தளர்ந்து சூடாகும். தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடென்றால் மாற்றுங்கள். குளிருக்குப் போனையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சார்ஜ் போடும் பழக்கம் நுவரெலியாப் பக்கம் அதிகம். வேண்டாம். போனின் சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

விடிகாலை ஈரத்தில் "சார்ஜிங் போர்ட்டில் ஈரம்" என்று போன் எச்சரித்தால் ஊதாதீர்கள், குச்சி விடாதீர்கள். வயரைக் கழற்றி, துளை கீழே பார்க்க, அரை மணி நேரம் காற்றாட வையுங்கள்.

ஹெட்செட் ஒரு காதுக்குப் போதும். மற்றக் காது வீட்டுக்கு. அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது, யார் வருகிறார் என்று படுத்திருப்பவருக்குக் கேட்க வேண்டும்.

கரண்ட் போனால்

பவர் பேங்கில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 10,000 மில்லி ஆம்பியர் என்பது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் பெட்டரியின் கணக்கு. அது 37 வாட் மணி. மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 5,000 மில்லி ஆம்பியர் போன் ஒன்றை ஒன்றேகால் தடவை நிரப்பும், அவ்வளவுதான். ஜன்னல் போனும் கட்டில் போனும் சேர்ந்து ஒரு நாள் ஓட 20,000 வேண்டும்.

ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். 8,800 மில்லி ஆம்பியர் உள்ளது ஏறக்குறைய 32 வாட் மணி. 7 வாட் இழுக்கும் ரவுட்டரை மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் துளையில்தான் செருக வேண்டும். 9 வோல்ட் துளையில் செருகினால் விளக்கு எரியும், நெட் வராது, அல்லது அணைந்து அணைந்து எரியும். 9 வோல்ட் ரவுட்டரை 12இல் செருகினால் கருகிவிடலாம். ஆம்பியரும் பார்க்க வேண்டும். அடப்டரில் 2 ஆம்பியர் என்றிருந்து யூபிஎஸ் 1 ஆம்பியர் மட்டும் தந்தால், வீடியோ கோல் தொடங்கியதும் ரவுட்டர் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இடிக்கும். அந்த மாதங்களில் மதியம் தாண்டி வானம் கறுத்தால் ரவுட்டரின் கரண்ட் வயர், வெளி அன்டெனா வயர், செப்புக் கம்பி லேண்ட்லைன் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அவரே கழற்றும்படி, எல்லாமும் ஒரே சுவிட்ச் போர்டில், கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை இழுக்க வேண்டும். அதை இழுக்கவும் வலு இல்லாதவர் என்றால், வேலைக்குப் போகிறவர் கழற்றிவிட்டுப் போகட்டும். பகலை யூபிஎஸ்ஸும் பவர் பேங்கும் ஓட்டட்டும்.

கரண்ட் போனதை அறிவிக்க 1987. பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போனை அவர் கைக்குப் பழக்குவது

முகப்புத் திரையில் ஆறு படத்துக்கு மேல் வேண்டாம். மற்றதெல்லாம் உள்ளே போகட்டும். வட்ஸ்அப்பில் மகளின் பெயரைத் திறந்து, மேலேயுள்ள மூன்று புள்ளி, மோர், அட் ஷோர்ட்கட் என்று போட்டால் மகளின் முகம் முகப்பிலேயே வந்துவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் முகம் தெரியும். நேரடி கோலுக்கு கொன்டாக்ட்ஸ் விட்ஜெட்டில் டிரெக்ட் டயல் இருக்கிறது. ஒரே தட்டலில் அடிக்கும்.

கை நடுங்குபவர்களுக்கு எக்ஸஸிபிலிட்டி பகுதியில் டச் அண்ட் ஹோல்ட் டிலே என்பதை லோங் ஆக்குங்கள். தட்டுவதெல்லாம் அழுத்திப் பிடித்ததாகப் பதிவாகி, ஐகன்கள் இடம் மாறும் தொல்லை நிற்கும். அதே இடத்தில் எக்ஸஸிபிலிட்டி மெனுவைப் போட்டால், பக்கத்துப் பட்டனை அழுத்த முடியாத கைக்கு வொலியூம், லொக், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் திரையிலேயே பெரிய பட்டனாக வரும். ஒரு கை மட்டும் வேலை செய்தால் வன் ஹேண்டட் மோட்.

எழுதுவதற்கு ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தட்டிப் பேசலாம். மொழிப் பட்டியலில் தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை என்று தனித்தனியே இருக்கும். இரண்டையும் முயன்று, அவர் பேச்சை எது நன்றாகப் பிடிக்கிறதோ அதை வையுங்கள். பேச்சை எழுத்தாக்க பொதுவாக நெட் வேண்டும். பக்கவாதத்தில் நாக்குக் குழறுபவருக்கு இது கைகொடுக்காது, ஆத்திரம்தான் வரும். அவருக்கு வொய்ஸ் மெசேஜ் போதும். கேட்பது வீட்டு ஆள், குழறலும் புரியும். மைக்கை அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். பேச்சே வராத நாட்களுக்கு, தண்ணீர், வலி, கழிவறை, குளிர், மாத்திரை என்று எட்டுப் படம் எடுத்து ஒரே அல்பத்தில் போட்டு வையுங்கள். அவர் படத்தைத் தொட்டுக் காட்டட்டும்.

டேட்டா கணக்கு சுருக்கமாக: வட்ஸ்அப் குரல் கோல் நிமிடத்துக்கு அரை மெகாபைட் அளவு, மணிக்கு சுமார் 30. வீடியோ கோல் மணிக்கு சுமார் 250, 300. யூடியூபை 360இல் பார்த்தால் அதே அளவு. வட்ஸ்அப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் "யூஸ் லெஸ் டேட்டா ஃபோர் கோல்ஸ்" போட்டால் வீடியோ மங்கும், ஆனால் அறுந்து அறுந்து வராது. சிக்னல் மைனஸ் 105இல் கிடக்கும் வீட்டில் இது கட்டாயம். பேஸ்புக்கில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். வீட்டு பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு ஓடும் தனி டேட்டா இருந்தால் படமும் பாட்டும் அப்போது இறக்கிவைக்க வேண்டியவை.

யார், எப்போது பேசுவது

முதல் வாரம் போன் ஓயாது. கொழும்பிலிருந்து மச்சான், சவூதியிலிருந்து மருமகள், மாத்தளையிலிருந்து சின்னம்மா எல்லாரும் எடுத்து "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்பார்கள். அதே கதையை இருபது தடவை சொன்னால் நோயாளி களைத்துப்போவார். மூன்றாவது வாரம் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். இரண்டையும் தடுக்க ஒரு வழி: குடும்பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குரூப், அதில் வீட்டிலிருக்கும் ஒருவர் இரவு 7 மணிக்கு ஒரு நிமிட வொய்ஸ் மெசேஜில் அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவது. பேச விரும்புகிறவர்களுக்குக் கிழமை பிரித்துக்கொடுங்கள். செவ்வாய் அக்கா, புதன் பெரியவன். எடுக்கிறவர் நோயைக் கேட்காமல் கொழுந்து விலை, கோயில் கணக்கு, பக்கத்து லயத்துச் சண்டை என்று பேசட்டும். படுத்திருப்பவருக்கு அதுதான் வேண்டும்.

வெளிநாட்டு நேரம்: துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சவூதி, குவைத், கட்டார் இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு 9 என்றால் ரியாத்தில் மாலை 6.30. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப் கோல் தடை. மெசேஜும் வொய்ஸ் மெசேஜும் போகும், கோல் போகாது. துபாயில் மகன் இருந்தால் பொட்டிம் அல்லது சூம் ஆப் போட்டு வையுங்கள். "எடுத்தா கனெக்ட் ஆகல" என்று போனை மாற்றிய வீடுகள் உண்டு, குற்றம் போனில் இல்லை.

தோட்டத்துக் கோயில் தேரோ மாசி மாதக் காமன் கூத்தோ வந்தால் யாராவது வீடியோ கோலில் காட்டுங்கள். பார்க்கும்படி காட்ட மூன்று விஷயம்: போனைக் குறுக்காகப் பிடியுங்கள், ஒரே இடத்தில் நில்லுங்கள், தப்பு மேளம் அடிக்கும் இடத்திலிருந்து முப்பது அடியாவது தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்றால் மைக் திணறி வெறும் இரைச்சல்தான் கேட்கும். சிக்னல் இல்லாத கோயிலடி என்றால் ஐந்து நிமிடமாக வெட்டிப் பதிந்து வந்து வீட்டு வைஃபையில் காட்டினாலும் போதும். அவர் பார்க்க விரும்புவது பெரும்பாலும் கூத்தை விட, யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

வைத்தியம் போனில்

டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து ஒரே அல்பத்தில் வையுங்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி எடுத்தால் தெளிவாக வரும்.

தனியார் டொக்டரை வீடியோவில் பார்க்க ஓடொக், டொக்990 போன்ற ஆப்கள் இருக்கின்றன. தையலையோ புண்ணையோ காட்ட வேண்டியிருந்தால் பக்கத்தில் ஒரு அடிமட்டம் (அளவுகோல்) வைத்து, பிளாஷ் இல்லாமல், ஒரு அடி தூரத்திலிருந்து எடுங்கள். தினமும் அதே கோணம், அதே இடம். அப்போதுதான் சிவப்பு கூடியதா குறைந்ததா என்று தெரியும். அந்தப் படம் டொக்டருக்கோ தோட்டத்து டிஸ்பென்சரிக்கோ போகலாம், குடும்பக் குரூப்புக்குப் போக வேண்டியதில்லை. உடற்பயிற்சியை பிசியோவுக்குக் காட்டும்போது போன் கட்டில் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஜன்னல் அவருக்குப் பின்னால் இருந்தால் கறுப்பு நிழல்தான் தெரியும்.

அலாரத்தையும் பயன்படுத்துங்கள். தானாகப் புரள முடியாதவருக்கு இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்ற, மணிக்கொரு தடவை டொக்டர் சொன்ன மாதிரி பாதத்தை மேலும் கீழும் அசைக்க. போனில் மூழ்கினால் மறப்பது இவை இரண்டும்தான்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, புதிதாக முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது இவற்றுக்குப் படமும் மெசேஜும் கிடையாது. நேரே 1990.

அவசரத்துக்கு

1990 சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ். 119 பொலிஸ். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இந்த மூன்றையும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே, பதற்றத்தில் யாரும் வாசித்துச் சொல்லும்படி வழியையும் எழுதுங்கள். லயத்து வீட்டுக்குத் தெருப்பெயர் கிடையாது. "டவுனிலிருந்து மேல் பாதை, பெக்டரி தாண்டி இரண்டாவது வளைவு, கோயிலடியில் இடது, கீழ் டிவிசன், 7ஆம் லயம், 3ஆம் காம்பரா, வேன் பிள்ளை மடுவம் வரைதான் வரும்" என்கிற மாதிரி. கடைசி வரி முக்கியம். வண்டி எதுவரை வரும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சரை எத்தனை பேர் தூக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னால், வண்டி வந்து நிற்கும்போது ஆட்களும் நிற்பார்கள்.

பல அன்ட்ரொய்ட் போன்களில் பவர் பட்டனை ஐந்து தடவை அழுத்தினால் எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் வேலை செய்யும். அது எந்த நம்பருக்கு அடிக்கிறது என்று செட்டிங்ஸில் முதலிலேயே பார்த்துச் சரிசெய்யுங்கள். தலையணைக்கடியில் போன் நசுங்கி, தானாக அழைப்புப் போவதும் உண்டு.

மழைக்காலத்துக்குத் தனியே ஒரு பேச்சு வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் பாதையும் கரண்டும் போனும் சேர்ந்தே போன ஊர்கள் மலையகத்தில் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். நடக்க முடியாதவர் இருக்கும் வீடு சிவப்புக்குக் காத்திருக்கக் கூடாது. செம்மஞ்சளிலேயே நகர்த்துங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. தூக்கப் போகும் நாலு பேரின் நம்பர் அவருடைய போனிலும், ஒரு துண்டுத் தாளிலும் இருக்கட்டும்.

நெட், கோல், கரண்ட் எல்லாமே போன நேரத்துக்கு ஒரு பூசை மணி. அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். மூன்று தடவை அடித்தால் வா என்று அர்த்தம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

மோசடிக் கோல்

வீட்டில் தனியாகக் கிடப்பவர் எந்தக் கோலையும் எடுப்பார், நீண்ட நேரம் பேசுவார். பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது, சிம் கட் ஆகப்போகிறது என்று வரும் கோலெல்லாம் கடைசியில் கேட்பது ஓடிபி. அவருக்கு ஒரே விதி சொல்லிக்கொடுங்கள்: எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணை மகனுக்கும் வாசிக்கக் கூடாது. மகனுக்குத் தேவையென்றால் மகன் வந்து போனை எடுத்துப் பார்ப்பான்.

ஊன்றுகோலோடு எழும்பும் நாள்

வோக்கரோ ஊன்றுகோலோ கொடுத்து நடக்கச் சொன்னதும், கட்டிலைச் சுற்றி இதுவரை கட்டியதெல்லாம் அவரைத் தடுக்கிவிடும் பொருளாக மாறும். அன்று காலையிலேயே போன் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். ஸ்டாண்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். தரையில் ஓடும் வயரை எடுத்து, பவர் பேங்கில் சார்ஜ் போடும் பழக்கத்துக்கு வாருங்கள். இரண்டு கையும் வோக்கரில் இருப்பதால், போன் கழுத்திலிருந்து குறுக்காகத் தொங்கும் சின்னத் துணிப்பையில் இருக்க வேண்டும். கோல் வந்தால் நின்று, உட்கார்ந்து, பிறகுதான் எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் எடுத்த உடனே கிடைத்துப் பழகிய உறவினர்கள் பதறாதிருக்க, "ரிங் போனா காத்திருங்க, நடந்துக்கிட்டிருப்பாங்க" என்று குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.